கரப்பான் குழந்தைக்குத் தயிரா, சாஷேயா, களிம்பா?

கைக்குழந்தையின் கன்னம் சிவந்து, கொஞ்ச நாளில் முழங்கை மடிப்பும் கழுத்தும் சொறசொறவென்று தடித்து, பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிய ஆரம்பித்துவிட்டால், எங்கள் பக்கத்து வீடுகளில் தயிரை வைத்து இரண்டு கட்சி உண்டாகிவிடும். "கரப்பான் வந்த பிள்ளைக்குத் தயிரைக் கண்ணில் காட்டாதே, பால் கொடுக்கிறவளும் தொடக்கூடாது" என்பது ஒரு கட்சி. பெரும்பாலும் மாமியார் கட்சி. இன்னொன்று வாட்ஸப் கட்சி: தயிரில் நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கிறது, தினம் நாலு ஸ்பூன் ஊட்டினால் அலர்ஜி ஓடிவிடும். நடுவில் மாட்டிக்கொண்ட தாய் டவுன் டாக்டரைப் பார்த்துவிட்டு, சீட்டில் களிம்போடு ஒரு புரோபயாட்டிக் சாஷேயும் (நல்ல பாக்டீரியா என்று விற்கும் பொடிப் பொட்டலம்) எழுதியிருக்க, மெடிக்கலில் வந்து நிற்பார். "அண்ணே, இதுக்குப் பதிலா வீட்டுத் தயிரையே கொடுத்தா ஆகாதா?"

அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன் நான். சாஷே விற்றாலும் எனக்கு லாபம்தான், களிம்பு விற்றாலும் லாபம்தான், தயிருக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்துவிட்ட கரப்பானுக்கு வீட்டுத் தயிரும் மருந்தல்ல, கடை சாஷேயும் மருந்தல்ல. இருக்கிற காசு தோலின் மேல் பூசுவதற்குப் போகட்டும். கரப்பான் வருவதற்கு முன்னால், அதாவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலும் பிறந்த முதல் மாதங்களிலும், சில குறிப்பிட்ட பாக்டீரியாக்களுக்கு மட்டும் யோசித்துப் பார்க்க இடமிருக்கிறது. தயிரைத் தோலில் பூசுவது வேண்டவே வேண்டாம்.

டாக்டர்கள் எக்ஸிமா என்றும் அடோபிக் டெர்மடைடிஸ் என்றும் எழுதுவதைத்தான் இங்கே கரப்பான் என்கிறேன். கரப்பான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு இருப்பது சிரங்கு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று அரித்து, ராத்திரியில் கூடி, வீட்டில் இன்னும் இரண்டு பேரும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளும் மருந்து வேறு. அந்த வீடுகளுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. சித்திரை வெயிலில் முதுகெல்லாம் பொரியும் வேர்க்குருவுக்கும் இல்லை.

கரப்பானுக்குத் தோலில் ஒரு காரணமும், உள்ளே நோயெதிர்ப்பு மண்டலத்தில் ஒரு காரணமும் உண்டு. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று காட்டினார்கள். அந்தப் புரதம் குறைந்தால் தோலின் ஈரம் வெளியே போகும். சோப்பு, தூசி, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற சீழ்க்கிருமி எல்லாம் உள்ளே வரும். வரப்பில் நண்டு வளை இருக்கும்போது மடையைத் திறந்து எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வயலில் நிற்காது, அந்தக் கதைதான். தயிர் மோர் எல்லாம் வயிற்றுக்குள் போய் இந்த வளையை அடைக்க முடியாது.

பின்னே தயிருக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடலை ஒட்டித்தான் இருக்கிறது. பிறந்த முதல் மாதங்களில் குடலில் குடியேறும் பாக்டீரியாக்களைப் பார்த்துத்தான் எதோடு சண்டை போடுவது, எதை விட்டுவிடுவது என்று அவை பழகுகின்றன. 1989-இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்கு அலர்ஜிச் சளியும் எக்ஸிமாவும் குறைவாக இருப்பதைக் கவனித்து, சின்ன வயதில் கிருமிகளோடு பழக்கம் குறைந்ததுதான் அலர்ஜி பெருகக் காரணமோ என்று கேட்டார். புரோபயாட்டிக் ஆசை அங்கிருந்துதான் கிளம்பியது. பழகுகிற காலத்தில் நல்ல பாக்டீரியாவைக் காட்டினால் பயன் இருக்கலாம். பழகி முடிந்து, அலர்ஜியும் வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு காட்டினால்? இந்த முன், பின் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

முதலில் வீட்டுத் தயிர். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் உறை மோர் விட்டு மூடி வைக்கிறோம். சித்திரையில் காலை பத்து மணிக்கு உறை ஊற்றினால் மதியச் சாப்பாடு முடிவதற்குள் கட்டிவிடும், சாயங்காலம் பல் கூசும். மார்கழியில் தூக்கைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாலும் விடிகாலையில் இளகித்தான் இருக்கும். உறை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் அரைக் கரண்டி வாங்குவோம். அங்கேயும் இல்லையென்றால் நாலு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போடுவோம், அதிலும் உறையும். இவ்வளவு வழிகளில் வருகிற தயிரில் லாக்டோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், பலவகை லாக்டோபேசில்லஸ் என்று ஒரு கூட்டமே இருக்கும். எந்த வகை எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, மாதத்துக்கு மாதம் மாறும். தயிரில் எத்தனை உயிர்க்கிருமி இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல ஆய்வுக்கூடங்கள் தஞ்சாவூரிலேயே உண்டு. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளையின் அரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் 2001-இல் கூட்டிய நிபுணர் குழு, புரோபயாட்டிக் என்றால் போதுமான அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தருகிற உயிருள்ள நுண்ணுயிர் என்று வரையறுத்தது. அளவும் தெரிய வேண்டும், நன்மையும் நிரூபணமாகியிருக்க வேண்டும். நம் வீட்டு மண்சட்டித் தயிர் இந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. அதற்காக அது மட்டம் என்று அர்த்தமில்லை. சாப்பாடாக அது அருமையான சாப்பாடு: புரதம், கால்சியம், பால் செரிக்காதவர்களுக்கும் ஓரளவு ஒத்துக்கொள்ளும். மருந்து என்று பேர் வைத்தால்தான் கணக்கு இடிக்கும்.

ஆறு மாதம் முடிந்து குழைத்த சோறு ஆரம்பித்த பிள்ளைக்கு இரண்டு ஸ்பூன் தயிர் பிசைந்து கொடுக்கலாம், கரப்பான் இருந்தாலும் கொடுக்கலாம். பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதுதான் ஒரு வயதுக்கு முன்னால் கூடாது. தயிர்ச்சோறு ஊட்டியதும் வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பெரும்பாலும் அது புளிப்பு பட்ட எரிச்சல். ஊட்டுவதற்கு முன் வாயைச் சுற்றி வாசலின் தடவிவிட்டுப் பாருங்கள்.

இங்கே மாமியார் கட்சிக்கு நியாயம் இருக்கிற ஒரு இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைகளில் சிலருக்குப் பால் புரதத்துக்கே அலர்ஜி இருக்கும். தயிர் கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வந்தால் அது சந்தேகப்பட வேண்டிய விஷயம். மூச்சு இரைந்தால் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். உறைந்துவிட்டால் பால் வேறு பொருளாகிவிடுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் தயிரிலும் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டுப்பாலுக்கு மாறினாலும் பெரும்பாலும் அதே அலர்ஜிதான்.

ஆனால் இப்படி எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைக்குத் தயிரை நிறுத்துவதிலும், பால் கொடுக்கும் தாய்க்குக் கத்தரிக்காய், கருவாடு, இறால், தயிர் என்று கரப்பான் பண்டப் பட்டியல் போட்டு ரசம் சோற்றில் உட்கார வைப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. பிரசவித்த உடம்பு அது. பிள்ளையின் கன்னம் ஆறுவதற்கு முன் தாய்க்கு ரத்தசோகை வந்து நிற்கும்.

பாக்கெட் தயிரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பால் பண்ணைகள் தேர்ந்தெடுத்த உறையைப் பயன்படுத்துவதால் ஒரே மாதிரி வரும். ஆனால் அந்த உறை கெட்டித்தன்மைக்கும் சுவைக்கும் தேர்ந்தெடுத்தது. தோலுக்கு அல்ல.

சின்ன பாட்டில் பானத்துக்குக் கதை கொஞ்சம் பெரியது. 1930-இல் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவர் ஒரு லாக்டோபேசில்லஸ் வகையைப் பிரித்தெடுத்து, 1935-இல் அதைப் புளித்த பால் பானமாக்கினார். யாகுல்ட் என்ற பெயரில் இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜிலும் இருக்கிறது. 65 மில்லி பாட்டிலில் 650 கோடி பாக்டீரியா. அளவும் தெரியும், வகையும் தெரியும், அந்த விதத்தில் வீட்டுத் தயிரை விட ஒரு படி மேல். ஆனால் கரப்பானுக்கென்று அதை வாங்க ஆதாரம் போதாது, சர்க்கரையும் சேர்த்திருக்கிறது. 10 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய சரக்கு வேறு. திருச்சியில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மே மாத பஸ்ஸில் திருத்துறைப்பூண்டி வரை வந்தால் அதில் எத்தனை கோடி மிஞ்சும் என்பது பஸ் டிரைவர் கையில் இருக்கிறது.

இனி சாஷே. இதில்தான் காசும் அதிகம், குழப்பமும் அதிகம். சீட்டில் "புரோபயாட்டிக்" என்று மட்டும் இருந்தால் கடையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம், மறைப்பானேன். அந்த அலமாரியில் இருப்பவை ஒரே சாமான் இல்லை. குப்பியில் வருகிற பேசில்லஸ் க்ளாஸி பாலிலிருந்து வந்ததே அல்ல. சாக்கரோமைசிஸ் பௌலார்டி பாக்டீரியாகூட இல்லை, ஈஸ்ட். இவை இரண்டும் வயிற்றுப்போக்குக்கு எழுதப்படுபவை. அப்புறம் நாலைந்து வகையை ஒன்றாகக் கலந்த பொடிகள். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் லாக்டோபேசில்லஸ் என்ற குடும்பப் பெயர் இருக்கும், ரம்னோசஸ் என்று இனப்பெயர் இருக்கும். அதற்குப் பின்னால் ஜிஜி என்றோ எச்என்001 என்றோ ஓர் எழுத்தும் எண்ணும் வர வேண்டும். அதுதான் ஆராய்ச்சி நடந்த தனி வகையின் அடையாளம். பல அட்டைகளில் அந்த இடம் காலியாக இருக்கும். அது காலியென்றால், எந்த ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி விற்கிறார்களோ அந்த ஆராய்ச்சிக்கும் அந்தப் பொடிக்கும் உறவு இருக்கிறதா என்றே தெரியாது.

சரி, வகை சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்துவிட்ட கரப்பானுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2018-இல் 39 பரிசோதனைகளை, மொத்தம் 2,599 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. அரிப்பும் தூக்கமும் எப்படி இருக்கிறது என்று நோயாளிகளையும் பெற்றோரையும் கேட்டபோது, புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டாக்டர்கள் போடும் மொத்த மதிப்பெண்ணில், 103-க்கு சுமார் 4 குறைந்தது. அந்த அளவுகோலில் 8 அல்லது 9 குறைந்தால்தான் நோயாளிக்கே தெரிகிற முன்னேற்றம் என்று வேறு ஆய்வு சொல்கிறது. அதாவது குறைந்ததை டாக்டரின் பேனா பார்த்தது, பிள்ளையின் கை பார்க்கவில்லை.

இந்த ஒரு தகவலுக்காகவே, கரப்பானுக்கு மட்டும் என்று சாஷே எழுதியிருந்தால், "களிம்பு முதலில் வாங்கிக்கோங்க, இது பிறகு பார்த்துக்கலாம், டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். ஒரு மாதச் சாஷேயின் விலைக்குக் குழந்தையின் உடம்பு முழுக்கப் பூசத் தேவையான வாசலின் பல மாதத்துக்கு வந்துவிடும்.

வருமுன் காப்பது என்று போனால் சமாசாரமே வேறு. இதில்தான் ஆராய்ச்சி சுவாரஸ்யமாகவும் இருக்கிறது, ஒன்றோடொன்று சண்டையும் போடுகிறது.

2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தில், அலர்ஜி ஓடுகிற குடும்பங்களைச் சேர்ந்த 159 கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பிருந்து லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி அல்லது ஒப்பிட்டுப் பார்க்கப் பாக்டீரியா இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். பிறந்த பின் ஆறு மாதம் தாய்க்கோ குழந்தைக்கோ தொடர்ந்தார்கள். இந்த ஜிஜி வகை 1983-இல் அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இருவர் ஆரோக்கியமான மனிதக் குடலிலிருந்து பிரித்தது. அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துதான் அந்த ஜிஜி. இரண்டு வயதில் பார்த்தபோது வெறும் மாத்திரைக் குழந்தைகளில் 46 சதவீதத்துக்கு எக்ஸிமா, ஜிஜி குழந்தைகளில் 23 சதவீதத்துக்கு. சரிபாதி. உலகமே எழுந்து உட்கார்ந்தது.

2008-இல் வெளியான ஆய்வில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் அதே ஜிஜியை வைத்து அதே மாதிரி செய்தார்கள். ஜிஜி குழந்தைகளில் 28 சதவீதத்துக்கு எக்ஸிமா, வெறும் மாத்திரைக் குழந்தைகளில் 27.3 சதவீதத்துக்கு. ஒரு பயனும் இல்லை. அதே வருஷம் வெளியான இன்னோர் ஆய்வில், நியூசிலாந்தில் இரண்டு பாக்டீரியாக்களை ஒரே பரிசோதனையில் மோதவிட்டார்கள். ரம்னோசஸ் எச்என்001 கொடுத்த குழந்தைகளுக்கு எக்ஸிமா ஏறக்குறைய பாதியானது. பிஃபிடோபாக்டீரியம் எச்என்019 கொடுத்தவர்களுக்குக் குறையவில்லை. நல்ல பாக்டீரியா என்று பொதுவாகப் பேசுகிற எவரிடமும் நான் காட்ட விரும்புவது இந்த ஒரு பரிசோதனையைத்தான். பின்னால், 2018-இல் வெளியான ஆய்வில், அதே நியூசிலாந்துக்காரர்கள் எச்என்001-ஐத் தாய்க்கு மட்டும் கொடுத்து, குழந்தைக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். பலன் மறைந்துவிட்டது.

நம் மோர் டம்ளருக்கு மிக அருகில் வருவது நார்வேயின் ட்ரொன்ட்ஹைம் நகரில் நடந்து 2010-இல் வெளியானது. அங்கே மாத்திரை இல்லை, புளித்த பால். 415 கர்ப்பிணிகளில் ஒரு பாதி, 36-ஆவது வாரத்திலிருந்து குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை, தினம் கால் லிட்டர் புரோபயாட்டிக் புளித்த பால் குடித்தார்கள். அதில் ஜிஜியோடு இன்னும் இரண்டு குறிப்பிட்ட வகைகள். மறுபாதிக்கு அந்தப் பாக்டீரியாக்கள் இல்லாத, அதே போன்ற சுவையுள்ள பால். இரண்டு வயதில் எக்ஸிமா முதல் பாதியின் குழந்தைகளில் 21 சதவீதம், மறுபாதியில் 34.3 சதவீதம். தாய் குடித்தது மட்டும்தான், குழந்தைக்குத் தனியாக ஒன்றும் தரவில்லை. நியூசிலாந்தில் தாய்க்கு மட்டும் கொடுத்தபோது பலிக்காதது இங்கே பலித்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் பாக்டீரியா வேறு, ஊர் வேறு, சாப்பாடு வேறு என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, "அப்ப நம்ம நீர்மோரே போதுமே" என்று ஒரு கர்ப்பிணியின் அம்மா சொன்னால் கோபிக்க முடியாது. கால் லிட்டர் புளித்த பால் என்பது நம் வீட்டில் மத்தியானம் இறங்குகிற அளவுதான். ஆனால் ட்ரொன்ட்ஹைமில் வேலை செய்தது புளிப்பு அல்ல, அதில் எண்ணிச் சேர்த்த மூன்று வகைகள். நம் மோரில் அவை இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. மோர் குடியுங்கள், தாகத்துக்கும் உடம்புக்கும் நல்லது. பிறக்கப்போகிற பிள்ளையின் தோலுக்கு அதை இன்சூரன்ஸாக எண்ண வேண்டாம்.

உலக அலர்ஜி அமைப்பு இவ்வளவையும் எடைபோட்டு 2015-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குழந்தைக்கு அலர்ஜி வரும் ஆபத்து அதிகமுள்ள குடும்பங்களில் கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், குழந்தைக்கும் புரோபயாட்டிக் தரலாம் என்று அது சொல்கிறது. கூடவே, ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. என் கணக்கும் அதுதான். தாய்க்கோ தகப்பனுக்கோ மூத்த பிள்ளைக்கோ கரப்பான், ஆஸ்துமா இருந்து, செலவு பெரிய பாரமாக இல்லையென்றால், வகை எழுத்தும் எண்ணும் தெளிவாக உள்ள ஒன்றை மகப்பேறு டாக்டரிடம் கேட்டு முயலலாம். குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் இல்லையென்றால் எதற்கு?

தோலில் தயிர் பூசுவதற்கு வருவோம். பெண்கள் முகத்துக்குப் பூசுகிற பழக்கத்திலிருந்து இது குழந்தைகளுக்கும் இறங்கிவிட்டது. தயிர், கடலை மாவு, பயத்தம் மாவு குழைத்துக் கன்னத்தில் அப்புகிறார்கள். வெடித்த தோலில் புளிப்பு பட்டால் பிள்ளை வீறிடும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் பெரிய ஆபத்து. 2003-இல் லண்டனின் கிடியன் லேக்கும் சக ஆய்வாளர்களும், வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட எக்ஸிமா குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி அதிகம் வருவதைக் கண்டார்கள். பிறகு அவர் அதை ஒரு கருத்தாகவே விரித்தார்: உணவு வாய் வழியாகப் போனால் உடம்பு அதைச் சகித்துக்கொள்ளப் பழகுகிறது, வெடித்த தோல் வழியாகப் போனால் எதிரியாகப் பழகுகிறது. அப்படியானால் கரப்பான் தோலில் பாலையும் பயறையும் கடலையையும் அப்புவது, நாளைக்கு அந்த உணவுகளையே பிள்ளைக்கு விரோதமாக்கிவிடக்கூடும். தயிர் வாய்க்குப் போகட்டும், கன்னத்துக்கு வேண்டாம். குளியல் மாவையும் கரப்பான் ஆறும்வரை பரணில் வையுங்கள்.

தோலில் பாக்டீரியா பூசும் வைத்தியத்தை ஆராய்ச்சிக்கூடத்திலும் முயன்றார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆரோக்கியமான தோலிலிருந்து ரோசியோமோனாஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துத் தெளித்துப் பார்த்து 2018-இல் நம்பிக்கையான முடிவு வெளியிட்டார்கள். அடுத்து ஒரு நிறுவனம் நடத்திய பெரிய பரிசோதனையில் 2021-இல் அது தேறவில்லை.

கடைசியாக, யாருக்கும் சுவாரஸ்யம் இல்லாத வழி: பூசுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிஷக் குளியல், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தல், ஈரம் காய்வதற்குள் தோலின் ஈரத்தைக் காக்கும் கிரீமையோ வாசலினையோ தாராளமாகப் பூசுதல். தாராளம் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பிரிட்டிஷ் வழிகாட்டுதல் ஒரு குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை சொல்கிறது. நம் வீடுகளில் 50 கிராம் டியூப் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும், பிறகு "களிம்பு கேட்கலை" என்பார்கள். விலையுயர்ந்த கிரீம் கட்டாயமில்லை, வெள்ளை வாசலின் போதும்.

தேங்காய் எண்ணெய்க்கும் ஆதாரம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். வெர்ஜின் தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்கு நோய் மதிப்பெண் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது, மினரல் எண்ணெய் பூசியவர்களுக்கு 38 சதவீதம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தது கொப்பரையை ஆட்டிய செக்கு எண்ணெய் அல்ல. ஈரத் தேங்காயிலிருந்து எடுத்தது. வீட்டில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி இறக்குவார்களே, அந்த எண்ணெய்தான் அதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். கடுகு எண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டும் வேண்டாம். தோல் அரணை அவை இன்னும் பலவீனமாக்கும்.

சிவந்து அரிக்கிற இடத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு. பெயரைக் கேட்டதும் டியூபைக் கீழே வைத்துவிடுகிற தாய்மார்கள் உண்டு, கேட்காமலேயே கடையில் சர்வரோகக் களிம்பு வாங்கி முகத்தில் மாதக்கணக்கில் பூசுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையால்தான் முதல் வகைக்குப் பயம் வந்தது. குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்த அந்த டியூபைக் குழந்தைகள் பக்கமே கொண்டுபோகக்கூடாது. டாக்டர் எழுதுகிற மிதமான களிம்பு, சொன்ன நாள்வரை, சொன்ன இடத்தில் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: பெரியவர் ஆட்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களும் சேர்ந்த பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும்.

ஈரம் காக்கும் கிரீம் பூசுவதையும் வருமுன் காப்பாக்கப் பார்த்தார்கள். பிரிட்டனில் 1,394 கைக்குழந்தைகளை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் தினமும் கிரீம் பூசியும் எக்ஸிமா வருவது குறையவில்லை. ஆக, பூசுவது நோய் வந்த பிறகு வேலை செய்கிறது, முன்னால் இல்லை. பாக்டீரியா வேலை செய்தால் முன்னால் மட்டும். நேர் எதிர்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து போர்வெல் தண்ணீரால்தான் பிள்ளைக்குக் கரப்பான் என்று, கடினநீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னர் கருவி விற்க வருகிறவர்கள் உண்டு. கடினநீருக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்வது நிஜம். ஆனால் இங்கிலாந்தில் 336 குழந்தைகளின் வீடுகளில் பரிசோதித்து 2011-இல் வெளியிட்டதில், ஏற்கெனவே வந்த நோய்க்கு அந்தக் கருவியால் கூடுதல் பயன் இல்லை. சோப்பைக் குறையுங்கள், அது இலவசம். தை மாதத்தில் பனியும் அறுவடைத் தூசியும் சேர்ந்து வருகிறபோது பூசும் தடவையைக் கூட்டுங்கள். வைக்கோல் போரில் பிள்ளை புரண்டு வந்தால் உடனே கழுவிவிட்டுப் பூசுங்கள்.

வீட்டுக்கு வீடு பிரித்தால் இப்படி வரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளை, லேசான கரப்பான்: தினமும் பூசுவது, தயிர்ச்சோறு வழக்கம்போல, சாஷே வேண்டாம். ராத்திரி தூங்காத அளவுக்குக் கரப்பான்: தோல் டாக்டர், சரியான களிம்பு. தயிரா சாஷேயா என்ற பேச்சையே அந்த வாரம் எடுக்க வேண்டாம். தயிர் பட்டதும் தடிப்பும் வாந்தியும்: தயிரை நிறுத்திவிட்டு டாக்டர். சாஷேயையும் நிறுத்த வேண்டும், சில புரோபயாட்டிக் பொடிகளில் பால் புரதத்தின் எச்சம் இருக்கும். மூத்த பிள்ளைக்குக் கரப்பான், தாய் மறுபடி ஏழு எட்டு மாதம்: இங்கே மட்டும் புரோபயாட்டிக் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், கேட்கும்போது எந்த வகை என்றும் கேளுங்கள்.

குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்துவந்த பிள்ளை என்றால் நீங்களாக எந்தச் சாஷேயும் பிரிக்கக்கூடாது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி இறந்ததை அடுத்து, மருத்துவமனைகளுக்கே எச்சரிக்கை அனுப்பியது. அப்படிப் பிறந்த குழந்தைக்கென்று சீட்டு இல்லாமல் வந்து கேட்டால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை.